இருபது வருஷத்துக்குப் பிறகு போன முதல் கன்டெய்னர்

இரண்டு நாடுகள் கைகுலுக்கிக்கொண்டால் கை வலிப்பது கார்கோ ஆபீஸ் டாக்குமென்ட் கிளார்க்குக்குத்தான்.

அந்தக் கிளார்க் நான். துபாயில் தேராவில் ஆபீஸ், அல் குசைஸில் கோடவுன். இரண்டுக்கும் நடுவில் பதினாலு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். எங்கள் கம்பெனி ஆப்பிரிக்காவுக்குச் சாமான் ஏற்றுகிற கம்பெனி. அதிலும் பெரும்பங்கு தான்சானியாவுக்கு, தார் எஸ் சலாம் துறைமுகத்துக்கு. எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. துறைமுகத்து ஊர்க்காரி, கப்பல் சமாசாரமெல்லாம் தெரிந்திருக்கும் என்று வேலைக்கு எடுத்தார்கள். ஊரில் நான் ஹார்பர் கேட்டைத் தாண்டியதே இல்லை என்பதை இன்றுவரை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நீங்களும் ஏதோ ஓர் ஆபீசில், மேனேஜர் சொன்னார் என்பதற்காக ஒரு பொய்யை ஒற்றுப்பிழை இல்லாமல் டைப் அடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பாத்திரங்கள் மேல் கோபத்தைக் காட்டுகிறவராக இருந்தால் நாம் ஒரே கட்சி. உட்காருங்கள், சொல்கிறேன்.

துணிதான் விலாசம்

எங்கள் கம்பெனியை வாழவைப்பது பெரிய முதலாளிகள் இல்லை. விசிட் விசாவில் வருஷத்துக்கு இரண்டு தடவை வந்து, தேராவின் மொத்தக் கடைகளில் ஏறி இறங்கி, சாமான் பிடித்துக்கொண்டு போகிற பெண்கள். தனியாக ஒரு கன்டெய்னர் எடுக்க ஒருத்திக்கும் கட்டாது. ஒன்பது பத்துப் பேர் சேர்ந்து ஒன்று எடுப்பார்கள். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி ஒருவர் இருக்கிறார், மாமா ரெஹேமா. சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்து அப்படிக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம். என் மகள் யாழினி பிறந்த பிறகு நான் மாமா யாழினி ஆகிவிட்டேன். கோடவுன் ஃபோர்மேன் சதக்கு காயல்பட்டினத்துக்காரர், அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள், அதனால் அவர் எனக்குக் காக்கா. எங்கள் ஆபீசில் உறவுமுறை இந்த லட்சணத்தில் இருக்கிறது.

மாமா ரெஹேமா விற்பது பள்ளிக்கூடப் பைகள். தார் எஸ் சலாமின் கரியாக்கோ சந்தையில் தெருமுகப்பில் ஒரு கடை. அங்கே ஜனவரியில் பள்ளி திறக்கும். அதற்கு முந்தைய மூன்று வாரம்தான் அவருடைய வருஷம். மீதி நாளெல்லாம் ஈ ஓட்டுவதுதான்.

நான் சேர்ந்த புதிதில் சாக்கு மூட்டைகளின் மேல் மார்க்கரால் பெயரும் நம்பரும் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பார்த்துச் சிரித்தார். கடல் ஈரத்திலும் கூலியாட்கள் உராய்வதிலும் அது ஒரு வாரம் தாங்காதாம். கைப்பையிலிருந்து கத்தரியையும் கோணி ஊசியையும் எடுத்தார். கூடவே ஒரு துணி. அவர்கள் இடுப்பிலும் தோளிலும் சுற்றிக்கொள்கிற கங்கா. அது ஜோடியாகத்தான் விற்கும். சிவப்பில் முந்திரிப் பூவேலை போட்ட அந்த ஜோடியில் ஒன்றைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, ஒவ்வொரு மூட்டையின் மூலையிலும் ஒரு கீற்றைத் தைத்தார். ஜோடியில் இன்னொன்று ஊரில் மகள் ரெஹேமாவிடம் இருக்கும். அங்கே கன்டெய்னரைத் திறக்கும்போது அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பாள். கூலியாட்கள் துணிக்குத் துணி பார்த்து மூட்டையை அவள் காலடியில் வைப்பார்கள். ஒன்பது பெண்கள், ஒன்பது துணி. எழுத்து வேண்டாம், ஸ்டிக்கர் வேண்டாம், ஒரு சண்டையும் வேண்டாம். அன்றிலிருந்து என் பேக்கிங் லிஸ்டில் ‘துணி’ என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு மூட்டை மாறியதில்லை. அன்றைக்கு ஊசியில் நூல் கோத்தபடியே, எங்களுக்குள் பேச்சுக்கு உதவும் உடைந்த இந்தியில் அவர் சொன்னது: “நம்பரை யாரு வேணும்னாலும் எழுதலாம். என் துணியை நான் மட்டும்தான் கிழிக்க முடியும்.”

ஏற்றுமதித் தரம்

போன வருஷம் நவம்பரில் அவரோடு ஒரு பைக்கடைக்குப் போனேன். வழக்கமாக நான் கடைக்கெல்லாம் போவதில்லை. ஆனால் அந்தக் கடைக்காரர் பில்லில் பொத்தாம்பொதுவாக ‘பலவகைச் சாமான்’ என்று எழுதிக் கொடுக்கிறவர். தான்சானியா கஸ்டம்ஸில் அது செல்லாது. நேரில் உட்கார்ந்து எழுதி வாங்க வேண்டியிருந்தது.

கடைக்காரர் நம்ம ஊர்ப்பக்கம். எனக்கு நாற்காலி வந்தது, சுலைமானி டீ வந்தது. அவர் கடையில் பதினொரு வருஷமாகச் சாமான் எடுக்கிற மாமா ரெஹேமாவுக்கு ஒன்றும் வரவில்லை. தமிழ் அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில் என் எதிரிலேயே கடைப்பையனாக வேலை பார்க்கும் நாற்பது வயது ஆளிடம் சொல்கிறார்: “பின்னால கெடக்குற பழைய லாட்டை எடுத்துப் போடு. ஆப்பிரிக்காவுக்குத்தானே, இது போதும்.” நான் சுலைமானியைக் கீழே வைத்துவிட்டேன். இதே கடைக்காரர், தன் மகளை நிறம் குறைவு என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றதற்கு ஒரு மாசம் புலம்பியவர்.

மாமா ரெஹேமா தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து ஐந்து புத்தகங்களை எடுத்தார். பேரன் படித்து முடித்த பழைய பாடப் புத்தகங்கள், நூல் கட்டிய கட்டு. அதை ஒரு பையில் போட்டு, ஒற்றைப் பட்டையைப் பிடித்துத் தூக்கி உதறினார். அடுத்த பை. அதற்கடுத்த பை. மூன்றாவதில் பட்டை கையோடு வந்துவிட்டது. கடைக்காரர் சிரித்துக்கொண்டே இந்தியில், “ஏற்றுமதித் தரம் மேடம், லேசா பிடிக்கணும்” என்றார். மாமா ரெஹேமா சிரிக்கவில்லை. பிய்ந்த பட்டையைக் கடைக்காரரின் மேஜைமேல், கால்குலேட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். அதே உடைந்த இந்தியில் சொன்னார்: “எங்க பிள்ளைங்க புத்தகமும் உங்க பிள்ளைங்க புத்தகம் அளவு கனம்தான் பாய்.”

முதல்

நல்ல லாட்டாகப் பார்த்து எடுத்த பைகள் நாற்பது மூட்டை. மற்ற எட்டுப் பேருடையதும் சேர்த்து இருநூற்று நாற்பது. நவம்பர் கடைசியில் துணி தைத்து, லிஸ்ட் போட்டு, எல்லாம் தயார். பெண்கள் ஒன்பது பேரும் ஊருக்கு விமானம் ஏறிவிட்டார்கள். கன்டெய்னர் அந்த வாரக் கப்பலில் போனால் டிசம்பர் நடுவில் அங்கே இருக்கும்.

அப்போதுதான் எங்கள் மேனேஜருக்கு நாட்டுப்பற்று வந்தது. எந்த நாட்டின் மேல் என்பதுதான் தெரியவில்லை, ஏனென்றால் அவர் சென்னைக்காரர். அமீரகத்துக்கும் தான்சானியாவுக்கும் இடையே வியாபாரத்தை வளர்க்க ஏதோ புதுப் பேச்சு நடக்கிறதாம். டிசம்பர் நடுவில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குழு வருகிறதாம். அவர்களையும் இங்குள்ள பெரிய மனிதர்களையும் நம் கோடவுனுக்கே கூப்பிட்டு, ரிப்பன் வெட்டி, ‘நட்புறவின் முதல் கன்டெய்னர்’ என்று ஒன்றை அனுப்பிவைத்தால் பேப்பரில் படம் வரும். எந்தக் கன்டெய்னர்? வேறெது, தயாராக நிற்கிறதே, அதுதான். யாரும் அவரைக் கேட்கவில்லை. எந்த அரசாங்கமும் கடிதம் போடவில்லை. தானாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டு வந்த பெருமை.

“சார், அதில் ஸ்கூல் பேக் இருக்கு. ஜனவரியில் ஸ்கூல் திறக்குது” என்றேன். “மூணு வாரம்தானே மேடம், பை என்ன பழமா அழுகிப்போக?” என்றார். நான் என் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். அதற்குமேல் அவரிடம் வாய் திறக்கவில்லை, மாமா ரெஹேமாவிடமும் சொல்லவில்லை. இதை எழுதும்போது அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த அறையில் இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம், என்ன செய்திருப்பார், தலையைச் சீவியிருப்பாரா?

சதக்கு காக்காவிடம் போனில் சொன்னேன். இருபது வருஷமாக அந்தக் கோடவுனில் தார் எஸ் சலாமுக்கு மூட்டை ஏற்றுகிறவர். அவர் கேட்டார்: “அப்ப இருவது வருசமா நான் ஏத்திவிட்டதெல்லாம் எங்கமா போச்சு, நெலாவுக்கா?”

கந்தல்

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் மேனேஜர் கோடவுனுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். சாக்கு மூட்டைகள் சாக்கு மூட்டைகள் மாதிரியே இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் வெள்ளைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, இரண்டு நாட்டுக் கொடியும் ஒன்றிலிருந்து இருநூற்று நாற்பது வரை நம்பரும் போட்ட ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்றார். ஸ்டிக்கர் டிசைன் நான்தான் செய்தேன். கொடிகள் அழகாகவே வந்தன.

“எந்த நம்பர் யார் மூட்டைன்னு எழுதணும் சார். நான் கோடவுனுக்குப் போறேன்” என்று காலையிலேயே சொன்னேன். “போகலாம், போகலாம், முதலில் அழைப்பிதழை முடி” என்றார். அழைப்பிதழில் எந்தப் பெயர் மேலே, எந்தப் பெயர் கீழே என்று ஐந்து தடவை மாற்றினார். ஒருவருக்குப் பட்டம் விட்டுப்போயிற்று, ஒருவருக்குப் பட்டம் கூடிப்போயிற்று. இருநூற்று நாற்பது மூட்டைக்குச் சொந்தக்காரர்கள் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் முடிந்து நான் அல் குசைஸ் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி.

வெளியிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து வேலையை முடித்துவிட்டார்கள். பிளாஸ்டிக் சுற்றும்போது இடைஞ்சலாக இருக்கிறது என்று, சதக்கு காக்கா சொல்லியும் கேளாமல், துணிக் கீற்றுகளை எல்லாம் வெட்டித் தள்ளியிருந்தார்கள். மூட்டைகள் கைக்குக் கிடைத்த வரிசையில் நம்பர் வாங்கி நின்றன. வெள்ளை வெளேரென்று, ஒன்றைப்போல ஒன்று. எது யாருடையது என்று கடவுளுக்கே தெரியாது. சதக்கு காக்கா குப்பைத் தொட்டியில் கையை விட்டு, சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம் என்று கீற்றுகளைப் பொறுக்கி ஒரு பேரீச்சம்பழ அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். மேனேஜருக்குப் போன் போட்டு, “துணியை ஏன் சார் வெட்டினீங்க?” என்று கத்தினேன். பதினாலு வருஷத்தில் அவரிடம் நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் கத்தவே இல்லை, பொறுமையாகச் சொன்னார்: “பெரிய மனுஷங்க பார்க்கிற சாமான்ல கந்தல் தொங்கக் கூடாது ஜெயா.”

பெண் தொழில்முனைவோர்

விழா நிகழ்ச்சி நிரலில் ‘ஆப்பிரிக்கப் பெண் தொழில்முனைவோருடன் சந்திப்பு’ என்று ஒரு வரி இருந்தது. தொழில்முனைவோர் ஒன்பது பேரும் ஊரில் இருந்தார்கள். அவர்கள் இங்கே இருந்தபோது ஒருவரைக்கூட மேனேஜர் தன் அறைக்குள் கூப்பிட்டதில்லை. விழாவன்று காலையில் அவர் கண்ணில் பட்டது ஜாய்ஸ். எங்கள் ஆபீசைச் சுத்தம் செய்கிற பெண். ஊர் உகாண்டா. “சார், ஜாய்ஸ் தான்சானியா இல்ல” என்றேன். “போட்டோவில் நாடு தெரியுமா?” என்றார். தேராவில் அவசரமாக ஒரு பூப்போட்ட துணி வாங்கி வந்து அவள் மேல் சுற்றி, சிவப்புக் கம்பளத்தின் ஓரத்தில் நிறுத்தினார்கள்.

பேச்சுகள் நடந்தன. ஒருவர் இரண்டு கரைகளுக்கும் நூற்றாண்டுகால உறவு என்றார். அடுத்தவர் இன்று முதல் புதிய உறவு தொடங்குகிறது என்றார். இருவருக்கும் ஒரே அளவு கைதட்டல். ரிப்பன் வெட்டினார்கள். கன்டெய்னர் கதவு திறந்திருக்க, உள்ளே கொடி ஒட்டிய வெள்ளை மூட்டைகள் தெரிய, படம் எடுத்தார்கள். பிறகு தான்சானியாவிலிருந்து வந்திருந்த குழுவில் வயதான ஒருவர் நேராக ஜாய்ஸிடம் வந்தார். நல்ல மனிதர், நிஜமான அக்கறையோடு கேட்டார், எத்தனை வருஷமாக வியாபாரம் செய்கிறாய் அம்மா, என்ன கஷ்டம் இருக்கிறது, எங்களால் என்ன உதவி செய்ய முடியும் என்று. மேனேஜர் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார். ஜாய்ஸ் அவரையும் பார்த்தாள், பெரியவரையும் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: “ஐயா, நான் இவங்க ஆபீஸ்ல தரை துடைக்கிறேன். மூட்டைக்காரங்களை இவங்க கூப்பிடல.”

ஜனவரி

கன்டெய்னர் ஜனவரி இரண்டாம் வாரம் அங்கே திறக்கப்பட்டது. மகள் ரெஹேமா எனக்கு ஒரு வீடியோ அனுப்பினாள். பெரிய கொட்டகை, தரை முழுக்க வெள்ளை மூட்டைகள், எல்லாவற்றிலும் என் கைவண்ணத்தில் இரண்டு கொடிகள். ஒன்பது பெண்கள் தோளில் ஒன்பது துணியைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பொருத்திப் பார்க்க மூட்டையில் ஒன்றும் இல்லை. கூலியாட்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

ஒவ்வொன்றாகக் கிழித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதிலும் மூன்று பேர் அதே கடையில் அதே பைகளை வாங்கியிருந்தார்கள். இது என்னுடையது, இல்லை என்னுடையது என்று தொடங்கி, வருஷக்கணக்காக ஒரே அறையில் பாய் போட்டுத் தூங்கி, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டு, ஒரே கன்டெய்னரில் சாமான் அனுப்பிய பெண்கள் ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடிக்கிற அளவுக்குப் போய்விட்டார்கள். பிரித்து முடிக்க ஒன்பது நாள் ஆனது. ஒன்பதாம் நாள் மாமா ரெஹேமா போன் செய்தார். திட்டுவார் என்று காதைக் கொடுத்தேன். திட்டவில்லை: “பள்ளிக்கூடம் திறந்தாச்சு. பிள்ளைங்க பழைய பையோட போயிட்டாங்க. இனி அடுத்த ஜனவரி வரைக்கும் யாருக்கும் பை வேணாம், மாமா யாழினி.”

துறைமுக நெரிசல்

தாமதத்துக்குக் காரணம் கேட்டு அவர்கள் ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் அனுப்பினார்கள். மேனேஜர் ஒரு வாய் காபி குடித்துக்கொண்டே பதில் சொல்லச் சொல்ல, நான் டைப் அடித்தேன். துறைமுக நெரிசல் காரணமாக ஏற்பட்ட தவிர்க்க முடியாத தாமதத்துக்கு வருந்துகிறோம். மூட்டைகள் பாதுகாப்புக்காக உயர்தர உறையில் சுற்றப்பட்டன. தங்கள் மேலான ஆதரவை என்றும் நாடும். “கீழே உன் பேரையே போட்டுடு, அவங்களுக்கு உன்னைத்தானே தெரியும்” என்றார். போட்டேன். அன்று வீட்டில் ஒரு குக்கர் மூடி நசுங்கியது. என் வீட்டுக்காரர் காரணம் கேட்டார், சொல்லவில்லை.

அந்தக் கடிதம் செய்த வேலை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதே வாரங்களில் மற்ற கம்பெனிச் சாமான்களெல்லாம் ஒரு தடங்கலும் இல்லாமல் அங்கே போய் இறங்கியிருக்கின்றன. அப்படியென்றால் நெரிசல் என்பது பொய் என்று மற்ற எட்டுப் பேருக்கும் புரிந்துவிட்டது. பொய் யாருடையது என்று கேள்வி வந்தது. எங்கள் கம்பெனியைப் பிடித்துக் கொடுத்தது மாமா ரெஹேமா, பேசி முடிப்பது அவர், எங்களோடு சிரித்துப் பழகுவது அவர். ஏதோ வாங்கிக்கொண்டு கன்டெய்னரை நிறுத்திவைக்கச் சம்மதித்துவிட்டார் என்று பேச்சு கிளம்பியது. எட்டுப் பேரும் அவரை விட்டு விலகிப் போனார்கள். தனியாகக் கன்டெய்னர் எடுக்க முடியாதவர் தனியாக என்ன வியாபாரம் செய்வார்? தெருமுகப்புக் கடை கைவிட்டுப் போயிற்று. நடைபாதையில் சாக்கை விரித்து அந்தப் பைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக மகள் சொன்னாள். ஒருநாள் நானே போன் செய்து, கடிதம் கிடைத்ததா என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலோடுதான் நான் மூன்று மாசம் டூட்டிக்குப் போய் வந்தேன்: “கிடைச்சுது. கீழ உன் பேர் இருந்துச்சு. அதனால மகளை ரெண்டு தடவை படிக்கச் சொன்னேன்.”

படம்

ஜூலை மாசம், வெளியே கால் வைத்தால் செருப்பு உருகுகிற வெயிலில், ஆபீஸ் கதவைத் தள்ளிக்கொண்டு மாமா ரெஹேமா வந்தார். இளைத்திருந்தார். சாமான் எடுக்க வரவில்லை. டிக்கெட்டுக்கு மகளின் தையல் மிஷினை விற்றுவிட்டு வந்திருந்தார். ரிசப்ஷன் சுவரில் இப்போது அந்த விழாப் படம் பெரிதாகச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. சிரித்த முகங்கள், ரிப்பன், ஓரத்தில் பூப்போட்ட துணியில் ஜாய்ஸ், பின்னால் வெள்ளை மூட்டைகள். அவர் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றார்.

பிறகு என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தார். போனில் கேட்டிருந்தால் முடியாது என்று நீ சுலபமாகச் சொல்லிவிடலாம், அதனால் நேரில் வந்தேன் என்றார். அவருக்கு வேண்டியது நஷ்ட ஈடு இல்லை. ஒரு கடிதம். கம்பெனித் தாளில், கம்பெனி முத்திரையோடு, நடந்தது என்னவோ அது. அதை அந்த எட்டுப் பேருக்கு முன்னால் படித்துக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

மேனேஜர் உள்ளே இருந்தார். கண்ணாடிச் சுவர் வழியாக அவருடைய பின்மண்டை தெரிந்தது. முத்திரை என் டிராயரில்தான் இருக்கிறது, பதினாலு வருஷமாக. என் விசா இந்தக் கம்பெனியில் இருக்கிறது, யாழினியின் ஸ்கூல் இந்த விசாவில் இருக்கிறது. நான் பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் இரண்டு விரல் மேலே இருந்தது. டைப் அடித்தேன். துறைமுகத்தில் நெரிசல் இல்லை. கன்டெய்னரை மூன்று வாரம் நிறுத்திவைத்தது நாங்கள், எங்கள் விழாவுக்காக. அடையாளத் துணிகளை வெட்டியது நாங்கள். இதில் எதுவும் மாமா ரெஹேமாவுக்குத் தெரியாது, அவரை யாரும் கேட்கவும் இல்லை. முந்தைய கடிதம் பொய். இரண்டையும் எழுதியது நான். கையெழுத்துப் போட்டு, முத்திரையை அழுத்திக் குத்தினேன். சத்தம் கேட்டு மேனேஜர் திரும்பிப் பார்த்தார், வேறேதோ டாக்குமென்ட் என்று நினைத்திருப்பார்.

கடிதத்தை மாமா ரெஹேமா வார்த்தைக்கு வார்த்தை என்னையே படிக்கச் சொன்னார். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். நான் கீழ் டிராயரிலிருந்து சதக்கு காக்கா கொடுத்துவைத்த பேரீச்சம்பழ அட்டைப்பெட்டியை எடுத்துத் திறந்தேன். அதைப் பார்த்ததும்தான் அவருக்குக் கண் கலங்கியது. தன்னுடைய சிவப்புக் கீற்றுகளை மட்டும் பிரித்தெடுத்தார். மற்றவர்களுடையதையும் கொண்டுபோய் அவரவரிடம் கொடுக்கிறேன் என்று பெட்டியோடு வாங்கிக்கொண்டார். வாசலுக்குப் போனவர் திரும்பி வந்து, ரிசப்ஷன் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினார். தடுக்க வந்த ரிசப்ஷன் பெண்ணை, கையில் துடைப்பத்தோடு நின்ற ஜாய்ஸ் தோளைப் பிடித்து நிறுத்தினாள். முந்திரிப் பூப்போட்ட ஒரு சிவப்புக் கீற்றை அந்தப் படச்சட்டத்தின் மூலையில் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டு, பல்லால் இழுத்து இறுக்கினார். இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டு, ஆபீசுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: “இதுல இருக்குற மூட்டையில நாப்பது என்னோடது. அடையாளம் இல்லாம வைக்கக் கூடாது.”

எட்டுப் பேரும் கடிதத்தைக் கேட்டுவிட்டார்கள், அடுத்த கன்டெய்னருக்கு ஒன்பது துணியும் வந்துவிட்டது, இரு நாட்டு நட்புறவு மட்டும் எங்கள் சுவரில் ஒரு கந்தலோடு தொங்குகிறது, அதை அவிழ்க்கச் சொல்லி மேனேஜர் மூன்று தடவை உத்தரவு போட்டுவிட்டார், ஆனால் பதினாலு வருஷம் பொய்யை டைப் அடித்தே பழகிய கைக்கு முடிச்சு அவிழ்க்க எங்கே தெரிகிறது?